குடியை நிறுத்த மீட்டிங்: வாசகர் கேள்வி – பதில்

குடிநோய் பற்றிச் சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பலவும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. "ஏ.ஏ. மீட்டிங் என்கிறார்களே, அது எங்கே நடக்கிறது, உள்ளே போனால் என்ன செய்வார்கள்?" ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு. எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் தருகிறோம்.

அம்மாப்பேட்டை வாசகி: என் கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். சனிக்கிழமை கூலி வாங்கினால் ஞாயிறு ராத்திரி வரை குடிதான். போன வாரம் அவராகவே "மீட்டிங் எங்கேன்னு பாரு, வர்றேன்" என்றார். யாரிடம் விசாரிப்பது?

அவர் வாயாலேயே அது வந்தது பெரிய விஷயம், அம்மா. அந்த எண்ணம் ஆறிப்போவதற்குள் விசாரித்துவிடுங்கள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்புக்கு மும்பையில் இந்தியப் பொதுச்சேவை அலுவலகம் இருக்கிறது. அதன் இணையதளத்தில் எந்த ஊரில் குழு இருக்கிறது என்று பார்க்கலாம், தொடர்பு எண்ணும் கேட்டு வாங்கலாம். போனில் தேடத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் "ஏ.ஏ. மீட்டிங் சேலம்" என்று தேடச் சொல்லுங்கள். இரண்டாவது வழி, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே இருக்கும் ஆலோசகர்களிடம் கேட்டால் உள்ளூர்க் குழு பற்றித் தெரிய வாய்ப்பு அதிகம். மூன்றாவது, 14446 என்ற கட்டணமில்லா எண். போதை மீட்புக்காக மத்திய அரசு நடத்தும் உதவி எண் இது. தனியார் மறுவாழ்வு மையங்களிலும் கேட்கலாம். ஏ.ஏ. உறுப்பினர்கள் அங்கே போய் மீட்டிங் நடத்துவது வழக்கம். ஆனால் எண்ணை மட்டும் கேட்டு வாங்குங்கள். "உடனே சேர்த்துவிடுங்கள், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அது ஏ.ஏ. இல்லை. ஏ.ஏ. யாரையும் தங்க வைப்பதில்லை, பணமும் கேட்பதில்லை.

எண் கிடைத்ததும் போனை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் "அவரைப் பேசச் சொல்லுங்கம்மா" என்றுதான் சொல்வார். அதை உதாசீனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்த வேண்டும் என்று குடிப்பவரே சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் அங்கே உறுப்பினராவதற்குத் தகுதி. அவர் கேட்க வேண்டியவை: என்ன கிழமை, எத்தனை மணி, எந்தக் கட்டடத்தில் எந்த அறை, எந்த பஸ் நிறுத்தம், புதிதாக வருகிறவரை வாசலில் யார் பார்ப்பார்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். மீட்டிங்குகள் பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ இரவல் வாங்கிய அறையில் நடக்கும். பெரிய போர்டு இருக்காது. பல இடங்களில் வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட சின்ன அட்டை ஒன்றுதான் அடையாளம். இருட்டில் அறையைத் தேடி அலைந்து, "இல்லை போலிருக்கு" என்று திரும்பியவர் நேரே போவது கடைக்குத்தான். பண்டிகை, பரீட்சை நாட்களில் அறை பூட்டியிருக்கலாம் என்பதால், கிளம்பும் முன்பு அன்றைக்கே ஒருமுறை போன் செய்துவிடுவது நல்லது.

இனி முக்கியமான விஷயம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு மீட்டிங்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் குடிக்கும் நேரத்தில் நடக்கிற மீட்டிங் எது என்று பாருங்கள். உங்கள் வீட்டில் அது சனிக்கிழமை சாயங்காலம். புதன்கிழமை மீட்டிங்குக்கு ஒழுங்காகப் போய்விட்டு, சனிக்கிழமை கூலியோடு தறிப்பட்டறை வாசலில் தனியாக நின்றால் புதன்கிழமை கேட்டது எதுவும் நினைவுக்கு வராது. சனிக்கிழமை எங்கும் இல்லையென்றால் குழுவிலேயே ஒருவரைக் கேளுங்கள். பட்டறை வாசலுக்கு வந்து நின்று, கூடவே டீக்கடைக்குப் போய், வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். இப்படிச் செய்வது தாங்கள் குடிக்காமல் இருப்பதற்கே மருந்து என்று நினைக்கிறவர்கள் அவர்கள், தயங்காமல் கேட்கலாம். கூலியை உங்கள் கணக்கில் போடச் சொல்லி அவரே முதலாளியிடம் பேசினால் இன்னும் நல்லது. அவருக்குத் தெரியாமல் நீங்கள் போய்ச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

பொன்னம்மாபேட்டை வாசகர்: டாஸ்மாக்கை மூடினால் எல்லாரும் நிறுத்திவிடுவார்களே, மீட்டிங் எதற்கு?

சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்தது. மதுவிலக்கு வேண்டுமா என்பது பெரிய விவாதம், அதற்கு இந்தப் பகுதி போதாது. ஆனால் தினமும் குடித்துப் பழகிய உடம்புக்கு, கடை மூடுவது சிகிச்சை ஆகாது. காந்தி ஜெயந்திக்குக் கடை லீவு என்றால் முதல் நாளே இரண்டு பாட்டில் வாங்கி வைப்பவர்களையும், வாங்க முடியாமல் மறுநாள் கை நடுங்கி உட்கார்ந்திருப்பவர்களையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டாவது ஆளுக்கு அன்று வேண்டியது டாக்டர். அதற்கடுத்த நாட்களுக்கு வேண்டியது மீட்டிங்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். தெருவில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். மீட்டிங்கில் பெயர், விலாசம் எழுதச் சொல்வார்களா? பேசியே ஆக வேண்டுமா? தெரிந்தவர் யாராவது இருந்துவிட்டால்?

ரெஜிஸ்டர் கிடையாது, ஆதார் கேட்க மாட்டார்கள், கையெழுத்தும் வேண்டாம். ஒரு பெயர் சொன்னால் போதும். அது உங்கள் முழுப்பெயராக இருக்க வேண்டியதில்லை.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். ஒருவர் அன்றைக்கு மீட்டிங்கை நடத்துவார். தலைவர் என்று நிரந்தரமாக யாரும் கிடையாது, முறை வைத்து மாறுவார்கள். ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு சிறு அறிமுகம் வாசிக்கப்படும். பிறகு, குடியை விட ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளிலோ அவர்களுடைய புத்தகத்திலோ ஒரு பகுதி. அதன்பின் ஒவ்வொருவராக "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி மூன்று, ஐந்து நிமிடம் பேசுவார்கள். குடித்த காலத்தில் என்ன நடந்தது, எப்படி நிறுத்தினேன், இப்போது எப்படி இருக்கிறேன். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதோ, "நீ அப்படிச் செய்திருக்கக் கூடாது" என்று சொல்வதோ இல்லை. புத்திமதி கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல். முடிவில் ஒரு சிறிய பிரார்த்தனை, டீ. மொத்தம் ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றரை.

உங்கள் முறை வரும்போது "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். எத்தனை வாரம் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம்.

மீட்டிங்கில் இரண்டு வகை உண்டு. திறந்த மீட்டிங்குக்குக் குடும்பத்தாரும் மற்றவர்களும் வரலாம். மூடிய மீட்டிங் குடிப்பழக்கத்தை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். வெளியாள் கண்ணில் படக் கூடாது என்ற கவலை உங்களுக்கு இருப்பதால் மூடிய மீட்டிங்கில் தொடங்குங்கள். தெரிந்த முகம் அங்கே இருந்தால், அவர் வந்த காரணமும் உங்களுடையதுதான். உள்ளே பார்த்ததும் கேட்டதும் வெளியே போகக் கூடாது என்பது எழுதப்பட்ட வழக்கம். மனிதர்கள் நடத்துவது என்பதால் எங்கேயாவது ஓட்டை விழலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் முதல் சில வாரங்களில் வியாபாரக் கடன், வீட்டு விவகாரம், கோர்ட்டு வழக்கு இவற்றை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டாம். நம்பிக்கை வந்தபின் ஒரே ஒருவரிடம், அதாவது ஸ்பான்சரிடம் சொல்லிக்கொள்ளலாம். குடியை விட்டுப் பல வருடம் ஆன மூத்த உறுப்பினர் ஒருவர் புதியவருக்குத் துணையாக இருப்பதைத்தான் ஸ்பான்சர் என்கிறார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்கிறோம் என்றால், உங்கள் புகைப்படமும் கடைப் பெயரும் அதில் தெரியும் என்பதை நினைவில் வைத்து முதலில் அவற்றை மாற்றிவிடுங்கள்.

பலர் தவறவிடும் ஒன்று: பத்து நிமிடம் முன்னால் போங்கள், முடிந்ததும் ஓடிவராதீர்கள். போன் நம்பர் வாங்குவது, "நாளைக்கு எட்டு மணிக்குக் கூப்பிடுங்க" என்று ஒருவர் சொல்வது எல்லாம் அந்த டீ நேரத்தில்தான். தாமதமாக வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, முதல் ஆளாக எழுந்து போகிறவர் மூன்று வாரத்தில் காணாமல் போய்விடுவார்.

சூரமங்கலம் வாசகர்: தினமும் ஒன்றரை குவார்ட்டர், பத்து வருடமாக. காலையில் கை நடுங்குகிறது. நாளைக்கே நிறுத்திவிட்டு மீட்டிங் போகலாமா?

மீட்டிங்குக்கு நாளைக்கே போங்கள். ஆனால் டாக்டரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம் என்று லேபிளில் போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். நீங்கள் தினமும் 90 கிராம் எடுக்கிறீர்கள். நரம்பை மந்தப்படுத்தும் பொருள் ஆல்கஹால். தினமும் அது வந்துகொண்டே இருந்தால், அதை ஈடுகட்ட மூளை தன்னை முறுக்கி வைத்துக்கொள்ளும். ஆல்கஹால் சட்டென்று நின்றால் அந்த முறுக்கு மட்டும் அப்படியே இருக்கும். நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அதன் விளைவு. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து இவை தொடங்கும். வலிப்பு வருமானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்குப் பிறகு, இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை, சிலருக்கு ஆள், இடம் தெரியாத குழப்பம், இல்லாத பூச்சி ஊர்வதாகத் தெரிவது, காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு வரும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. "ரெண்டு நாள் நல்லாத்தானே இருந்தார், பேய் பிடிச்ச மாதிரி ஆயிட்டார்" என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை வீணாக்கும் குடும்பங்கள் உண்டு. வலிப்போ குழப்பமோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆகவே காலையில் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கோ ஒரு மனநல மருத்துவரிடமோ போய், எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது, முன்பு வலிப்பு வந்ததுண்டா, கல்லீரல், சர்க்கரை எப்படி என்று மறைக்காமல் சொல்லுங்கள். பாதி அளவைச் சொன்னால் மருந்தும் பாதியாகத்தான் வரும். நடுக்கத்தை அடக்க மாத்திரையைச் சில நாட்களுக்குக் குறைத்துக் குறைத்துத் தருவார்கள். அந்த மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கித் தொடரக் கூடாது, அதுவும் பழக்கமாகிவிடும். இன்னொன்று: தெருமுனை கிளினிக்கில் "தெம்புக்கு ஒரு குளுக்கோஸ்" ஏற்றிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். நெடுநாள் குடித்தவர்கள் உடம்பில் தயமின் எனும் வைட்டமின் பி1 வறண்டிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "பி1 ஊசி போட்டுவிட்டீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

குடித்த வாடையோடு மீட்டிங்குக்கு வந்தாலும் வெளியே தள்ள மாட்டார்கள். அமைதியாக உட்கார்ந்து கேட்டால் போதும். பைக்கை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.

அரிசிப்பாளையம் வாசகர்: மாதச் சந்தா எவ்வளவு?

கிடையாது. முடிவில் ஒரு பை சுற்றி வரும், வாடகைக்கும் டீக்கும் முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியார் நன்கொடையை அவர்கள் வாங்குவதில்லை.

கொண்டலாம்பட்டி வாசகர்: சர்ச்சில் நடக்கிறது, பிரார்த்தனை செய்கிறார்கள். மதம் மாற்றுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார்.

அறை சர்ச்சுடையது, மீட்டிங் அவர்களுடையது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்கு வர்த்தகரும் ஒரு டாக்டரும் ஒருவருக்கொருவர் பேசிப் பேசி நிறுத்தியதில் தொடங்கியது இது. எந்த மதத்தோடும் கட்சியோடும் சேர்வதில்லை என்பது விதி. பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும், உண்மைதான். "நாம் புரிந்துகொண்டபடி" என்ற அடைமொழியோடு வரும். முருகனைக் கும்பிடுகிறவரும், தொழுகைக்குப் போகிறவரும், கடவுளே இல்லை என்பவரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். கடைசிப் பிரார்த்தனையில் வாய் திறக்க விருப்பமில்லையென்றால் சும்மா நிற்கலாம். அம்மாவுக்குச் சந்தேகம் தீர, ஒரு திறந்த மீட்டிங்குக்கு அவரையும் கூட்டிப்போங்கள்.

ஓமலூர் வாசகி: "அவருக்குத் தெரியாமல் குடியை மறக்கடிக்கலாம்" என்று சுவரில் விளம்பரம் பார்த்து மகனுக்குச் சாப்பாட்டில் பொடி கலக்கிறேன். சரிதானா?

இன்றோடு நிறுத்துங்கள், அம்மா. இந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் மாத்திரையைத் தூளாக்கியதாக இருந்தால் ஆபத்து பெரிது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். டாக்டர்கள் இந்த மாத்திரையைத் தருவதுண்டு. ஆனால் குடிப்பவர் தெரிந்து சம்மதித்து, கல்லீரலைச் சோதித்து, கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழிந்த பிறகுதான் தொடங்குவார்கள். மாத்திரையை விட்டாலும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கும். அந்த நாட்களில் அரிஷ்டம், ஆசவம், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்துகூடக் கூடாது. உங்கள் மகனுக்கு இது எதுவும் தெரியாது. நீங்கள் கலந்ததை அவரிடமும், பாக்கெட்டோடு ஒரு டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார். படட்டும்.

அஸ்தம்பட்டி வாசகி: குடிப்பது நான்தான். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆண்கள் நிறைந்த அறைக்குள் எப்படிப் போவது?

எழுதியதற்கு நன்றி. சிறிய ஊர்களில் மீட்டிங்கில் பெண்கள் குறைவு, சில நாள் நீங்கள் ஒருவராகவே இருக்கக்கூடும். ஆகவே நேரே அந்த அறையில் தொடங்க வேண்டியதில்லை. ஏ.ஏ.வின் இணையவழிக் கூட்டங்களில் பெண்களுக்கு மட்டுமானவை உண்டு. ஜூம் செயலியில் பெயரை ஓர் எழுத்தாக மாற்றி, கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெண் ஸ்பான்சர் கிடைத்ததும், அவரிடம் பேசிவிட்டு உள்ளூர் மீட்டிங்குக்குப் போகலாம். முதல் இரண்டு, மூன்று தடவை கணவரைக் கூட அழைத்துக்கொள்ள விரும்பினால் திறந்த மீட்டிங்காகப் பாருங்கள். குழுவில் எந்த ஆணாவது தனியாகச் சந்திக்கலாம், வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன் என்று நெருங்கினால் மறுத்துவிடுங்கள், குழுவின் மூத்தவரிடம் சொல்லுங்கள். இன்னொரு மீட்டிங்குக்கு மாறிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. ராத்திரியில் மனம் தாங்காமல் போனால் 14416, டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

குகை வாசகர்: 110 நாள் குடிக்கவில்லை. மச்சான் கல்யாணத்தில் சறுக்கிவிட்டேன். குரூப்புக்குப் போக வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மீட்டிங்குக்கே போங்கள், முதல் ஆளாகச் சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் சறுக்கி எழுந்தவர்கள்தான். நாள் கணக்கு திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும், ஆனால் அந்த 110 நாளில் தெரிந்துகொண்டது எங்கும் போகவில்லை. எத்தனை நாள் குடித்தீர்கள் என்று எழுதவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் தினமும் என்றால் நிறுத்தும் முன் டாக்டரைப் பாருங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நடுக்கமும் வலிப்பு அபாயமும் முன்னைவிடக் கூடுதலாக வரலாம்.

கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு, மாரியம்மன் பண்டிகை இவற்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். முகூர்த்தத்துக்குப் போங்கள், முதல் நாள் ராத்திரி தங்காதீர்கள். கையில் எப்போதும் ஒரு டம்ளர் காபியோ மோரோ இருக்கட்டும். போகும் முன்னும் வந்த பின்னும் ஸ்பான்சருக்கு ஒரு போன். பசி, கோபம், தனிமை, களைப்பு என்று ஏ.ஏ.வில் நான்கைச் சொல்வார்கள். சாப்பிடாமல் பந்தலில் ஓடியாடி வேலை பார்த்தால் சாயங்காலத்துக்குள் அந்த நான்கில் குறைந்தது இரண்டு வந்து சேர்ந்திருக்கும். 90 நாளில் 90 மீட்டிங் என்று புதியவர்களுக்குச் சொல்லும் வழக்கம் உண்டு. சேலத்தில் நேரில் அவ்வளவு முடியாது என்றால் மீதியை இணையத்தில் நிரப்புங்கள்.

கன்னங்குறிச்சி வாசகர்: எனக்குப் பதினைந்து வயது. அப்பா எங்கேயும் வர மாட்டார். எனக்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, தம்பி. குடிப்பவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் வீட்டாருக்காக நடப்பது அல்-அனான். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். ஏ.ஏ. எண்ணில் பேசும்போதே பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொல். அப்பா குடிப்பதற்கு நீ காரணமில்லை, நிறுத்த வைப்பதும் உன் வேலையில்லை. அவர் அடித்தால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண்.

ஏற்காடு வாசகர்: காபி எஸ்டேட்டில் வேலை. சேலத்து மீட்டிங் முடிந்து வந்தால் பஸ் இல்லை. மலையில் இருப்பவர்கள் என்ன செய்வது?

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து எஸ்டேட் லைனுக்கு இன்னும் போக வேண்டும். சாயங்கால மீட்டிங் உங்களுக்கு ஒத்துவராது. ஞாயிறு காலையிலோ மதியத்திலோ நடக்கும் மீட்டிங் எது என்று கேளுங்கள். மலையிலிருந்து இறங்கும் பஸ், திரும்ப ஏறும் கடைசி பஸ் இரண்டின் நேரத்தையும் பஸ் நிலையத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். மாதம் இரண்டு தடவை நேரில், மற்ற நாட்களில் போனில் என்று வைத்துக்கொள்ளலாம். லைன் வீட்டில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் வீடியோ வேண்டாம், குரல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வராவிட்டால் ஸ்பான்சரோடு தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடப் போன்.

அதைவிட நல்ல வழி, மலையிலேயே ஒரு குழு. குடியை நிறுத்த விரும்பும் இரண்டு பேர் சேர்ந்தாலே அது மீட்டிங். வேண்டியது ஓர் அறை, நான்கு நாற்காலி, தமிழில் அச்சிட்ட ஏ.ஏ. கையேடு, ஒரு பிளாஸ்க் காபி. எஸ்டேட் அலுவலக அறையை வாங்காதீர்கள், மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஏற்காடு ஊருக்குள் பள்ளியிலோ சர்ச்சிலோ கேளுங்கள், சிறு வாடகையாவது கொடுங்கள். கூலி தரும் நாளின் சாயங்காலமே மீட்டிங் நாளாக இருக்கட்டும், வேலை முடிந்து இருட்டும் முன் முடிகிற மாதிரி. பழம் பறிக்கும் மாதங்களில் வேலை நேரம் நீளும், அப்போது அரை மணி தள்ளி வையுங்கள், கிழமையை மட்டும் மாற்றாதீர்கள். கிழமை மாறும் குழு கலைந்துபோகும். முதல் இரண்டு மாதம் சேலத்திலிருந்து மூத்த உறுப்பினர் ஒருவரை வரச் சொல்லுங்கள், கூப்பிட்டால் வருவார்கள். அறைச் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். சாவிக்காரர் வராத ஒரு நாள், மழையில் நனைந்து வந்தவர் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகக் கூடாது. குழு நிலைத்ததும் கிழமை, நேரம், தொடர்பு எண்ணை இந்தியப் பொதுச்சேவை அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால், அடுத்து மலையிலிருந்து விசாரிப்பவருக்கு உங்கள் எண்ணைத் தருவார்கள்.